கச்சான் சரையில எங்கட ஒபிஸ் ஃபோம்: சனத்திட விபரத்த எப்பிடிக் காப்பாத்துற?

வாவிக்கரைப்பிள்ள கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுமையா வாசிச்சுச் சொல்லுங்க.

நான் மட்டக்களப்பு டவுன்ல ஒரு சின்ன அமைப்பில வேல செய்றன். கணவன் இல்லாத, இல்லாட்டி பிரிஞ்சிருக்கிற பொம்பளயளுக்குக் கோழி வளக்க, தையல் மெசின் எடுக்க, இடியப்பம் அவிச்சு விக்க எண்டு உதவி குடுக்கிற வேல. ஒபிஸில ஏழு பேர், ஃபீல்டுக்குப் போறவங்க பதினாறு பேர், அதில கனபேர் வாவிக்கு அங்கால இருக்கிற படுவான்கரைப் பக்கம். ஐடி ஆள் எண்டு தனியா ஒருத்தரும் இல்ல, கொம்பியூட்டர் கொஞ்சம் தெரியும் எண்டதால டேட்டா வேலயெல்லாம் என்ட தலையில.

போன கிழம பின்னேரம் காந்தி பூங்காவடியில கச்சான் (நிலக்கடலை) வாங்கினன். அது சுத்தித் தாற பேப்பர்ச் சரையப் பிரிச்சுச் சாப்பிட்டு முடிஞ்சு கசக்கி எறியப் போகக்குள்ளதான் பாத்தன், உள்பக்கம் ஒரு பச்சப் பேனைச் சரி. அந்தப் பச்சப் பேனை என்ட. ஃபோம் செக் பண்ணினா நான் அப்பிடித்தான் சரி போடுவன். விரிச்சுப் பாத்தா எங்கட விண்ணப்பத்திட இரண்டாம் பக்கம். ஒரு அக்காட பேர் பாதி கிழிஞ்சு போயிருந்தது, ஆனா ஐசி (அடையாள அட்டை) நம்பர் முழுசா இருக்கு, போன் நம்பர் இருக்கு, எத்தின புள்ள எண்டு இருக்கு, கீழ குறிப்பு எண்ட இடத்தில எங்கட ஃபீல்ட் ஒபிசர்ர எழுத்தில "கணவர் குடித்துவிட்டு அடிப்பதால் தாய் வீட்டில் இருக்கிறார்" எண்டு எழுதியிருக்கு. உப்புப் படிஞ்ச பேப்பர். எனக்குக் கை நடுங்கிட்டுது. அந்த அக்கா இத எங்கட பிள்ளையிட்டச் சொல்ல எவ்வளவு நேரம் யோசிச்சிருப்பா, அத நான் கச்சானோட கையில வச்சிட்டு நிக்கிறன்.

எப்பிடி வெளிய போச்செண்டு யோசிச்சா விளங்குது. பிழையா அடிச்ச பேப்பர், கொப்பி எடுத்து மிஞ்சினது, பழைய ஃபோம் எல்லாத்தையும் ரஃப் பேப்பர் எண்டு ஒரு பெட்டியில போடுவம், ஒரு பக்கம் வெள்ளயா இருந்தா அதில பிரிண்ட் எடுப்பம், பெட்டி நிறைஞ்சா கூட்டுற அம்மா கிலோக் கணக்கில கடைக்குக் குடுப்பா. அவவில பிழ இல்ல, கச்சான் விக்கிற ஐயாவிலயும் பிழ இல்ல. பெட்டிய வச்சது நாங்க.

அதுக்குப் பிறகு ஒபிஸச் சுத்திப் பாத்தா எல்லா இடமும் இதுதான். வட்ஸ்அப் குறூப் ஒண்டில 23 பேர், அதில ஐசி போட்டோ, பேங்க் புத்தகத்திட முதல் பக்கம், சில நேரம் பொலிசில குடுத்த முறைப்பாட்டுக் கொப்பி கூட வரும். வேலய விட்டுப் போன ரெண்டு பேர் இன்னும் அந்தக் குறூப்புக்குள்ள இருக்காங்க. எக்செல் லிஸ்ட்டில 1,400 பேர் விபரம், அது ஆர்ர ஆர்ர லெப்டொப்பில இருக்கு எண்டு எனக்கே தெரியா. ஒபிஸ் மெயில்ர பாஸ்வேர்ட் ஒரு துண்டில எழுதி மொனிட்டர்ல ஒட்டியிருக்கு. ஒபிஸ் பெரியவரிட்டச் சொன்னன், அவர் நல்ல மனிசன்தான், ஆனா "நம்மள ஆரு கா ஹேக் பண்ணப் போறான், நம்மட்ட என்ன இரிக்கி" எண்டுட்டார்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். காசு பெரிசா இல்ல, ஐடி ஆள் இல்ல, படுவான்கரையில சில இடத்தில சிக்னலும் ஒழுங்கா இல்ல. இப்பிடி ஒரு ஒபிஸில எங்கயிருந்து தொடங்குற? மத்தது, அந்த அக்காட்டப் போய்ச் சொல்லணுமா, சொல்லாம விடுறதா?

—

சாய்ந்தமருது_நெட்வேர்க் பதில்:

தங்கச்சி, முதல்ல ஒண்டு, நீங்க பாத்த அந்தப் பேப்பர எறிஞ்சிராதீங்க, கவனமா வைங்க. நான் கல்முனைப் பக்கம் ஒபிஸ்களுக்குக் கொம்பியூட்டர் வேல செஞ்சு குடுக்கிறவன், பதினொரு வருசமாகுது, நம்மட ஊருகள்ல நான் பாத்த கசிவில ஹேக்கர் வந்து செஞ்சதெண்டு மிச்சம் குறைவு. பேப்பர், வட்ஸ்அப், பென் ட்ரைவ், பிரிண்டும் ஃபோட்டோக் கொப்பியும் எடுக்கிற கொமினிகேசன் கடை, இந்த நாலும்தான்.

"நம்மட்ட என்ன இரிக்கி" எண்டு உங்கட பெரியவர் கேட்டதுக்கு ஐசி நம்பர வச்சே பதில் சொல்லலாம். பழைய ஐசி நம்பர்ல முதல் ரெண்டு இலக்கமும் பிறந்த வருசம், அடுத்த மூணும் அந்த வருசத்தில எத்தினயாவது நாள் எண்டது, பொம்பளயெண்டா அதோட 500 கூட்டியிருக்கும். புது 12 இலக்கத்திலயும் அதே கணக்குத்தான், வருசம் மட்டும் நாலு இலக்கமா வரும். அப்ப நம்பர் ஒண்டு கையில கிடைச்சாலே அது ஆணா பொண்ணா, பிறந்த நாள் என்னண்டு தெரிஞ்சிரும். அதோட போன் நம்பரும் பேங்க் கணக்கும் சேந்தா, பேங்கிலருந்து பேசுறம் எண்டு ஒருத்தன் கோல் எடுத்து அந்த அக்காட பிறந்த நாள், கணக்கு நம்பர் எல்லாம் அவனே சரியாச் சொல்லி, "இப்ப ஒரு ஓடிபி வரும், அத மட்டும் சொல்லுங்கோ" எண்டா, அவ நம்பாம என்ன செய்வா? மாசம் பாத்துப் பாத்துச் சேத்த சல்லி போயிரும். உங்கட லிஸ்ட்டில 1,400 பேர் இரிக்காங்க.

வட்ஸ்அப்ப எடுங்க. அனுப்பக்குள்ள நடுவில ஒருத்தரும் பாக்க ஏலாது எண்டது சரிதான், ஆனா போய்ச் சேந்த பிறகு? 23 போன்லயும் கேலரிக்குள்ள இறங்கும், அதில கனபேருக்கு கூகுள் போட்டோஸ்ல தானாக் கொப்பி ஏறும், போன் உடைஞ்சு ரிப்பேர் கடைக்குப் போகும், பிள்ளையள் கேம் விளையாட எடுக்கும். பிறகு அழிச்சுக்கலாம் எண்டு நினைக்காதீங்க, எல்லாருக்கும் அழிக்கிற வசதி ரெண்டு நாள் சொச்சம்தான் வேல செய்யும், அதுக்குள்ள ஒருத்தர் வேற இடத்தில சேமிச்சிருந்தா அது அழியாது. இண்டைக்கே செய்யக்கூடியது, வேல விட்டுப் போன ரெண்டு பேரையும் குறூப்பிலருந்து எடுங்க, மீடியா தானா இறங்குறத எல்லார்ட போன்லயும் நிப்பாட்டுங்க, டூ ஸ்டெப் வெரிபிகேசன் எண்டு ஒரு ஆறு இலக்கப் பின் இரிக்கி, அத எல்லாரும் போடுங்க, உங்கட வட்ஸ்அப் வேற எந்தக் கொம்பியூட்டர்ல திறந்திருக்கு எண்டு காட்டுற லிங்க்ட் டிவைசஸ் எண்ட இடத்தத் திறந்து பாருங்க. நான் ஒரு ஒபிஸில அதத் திறந்தா, மூணு மாசத்துக்கு முந்தி பிரிண்ட் எடுக்கப் போன கொமினிகேசன் கடைக் கொம்பியூட்டர்ல அந்தப் பிள்ளட வட்ஸ்அப் இன்னும் திறந்து கிடக்கு. கடைக்காரன் நினைச்சா அவட எல்லாக் கதையும் வாசிக்கலாம்.

கொமினிகேசன் கடையப் பத்தி இன்னும் ஒண்டு. நம்மட சனம் பிரிண்ட் எடுக்க என்ன செய்யுது, கடைட நம்பருக்கு வட்ஸ்அப்ல ஃபைல அனுப்புது. அது அந்தக் கடைப் போன்ல, டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல அப்பிடியே இரிக்கும். ஃபீல்ட் ஆக்கள் ஐசி கொப்பி எடுக்க அங்கதான் போறாங்க எண்டா, ஒபிஸ்ல ஒரு சின்ன பிரிண்டர் வாங்குறதுதான் நீங்க செய்யிற முதல் செலவா இருக்கட்டும். அதோட எடுக்கிற எல்லா ஐசி கொப்பிக்கும் குறுக்கால "இன்ன உதவிக்கு மட்டும்" எண்டு எழுதித் திகதி போடுங்க, பேனையால, படத்துக்கும் நம்பருக்கும் மேலால போற மாதிரி. வேற வேலைக்கு அந்தக் கொப்பியப் பாவிக்க வாறவனுக்கு அது பெரிய இடைஞ்சல்.

எக்செல்ல கனபேர் ஏமாறுற இடம் ஒண்டு இரிக்கி. ப்ரொடெக்ட் ஷீட் எண்டு குடுத்து பாஸ்வேர்ட் போட்டா லிஸ்ட் பாதுகாப்பா இரிக்கி எண்டு நினைக்காங்க. அது ஆக்கள் கை தவறி மாத்தாம இருக்கத்தான், உள்ள இருக்கிறத வாசிக்கிறதத் தடுக்காது. ஃபைல், இன்ஃபோ, என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட் எண்டு போனாத்தான் உண்மையாப் பூட்டும், ஃபைலும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையா இருக்கணும், பழைய எக்ஸ்எல்எஸ் வேணாம். பாஸ்வேர்ட மறந்தா மைக்ரோசொஃப்ட்டாலயும் திறந்து தர ஏலாது, அதால அத ஒரு தாள்ல எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, பெரியவர்ர அலுமாரிக்குள்ள வைங்க. ஃபைலயும் பாஸ்வேர்டயும் ஒரே மெயில்ல அனுப்பினா திறப்பப் பூட்டில தொங்க விட்ட மாதிரி. ஃபைல் மெயில்ல போகட்டும், பாஸ்வேர்ட கோல் எடுத்து வாயால சொல்லுங்க. போட்டோவும் ஸ்கானும் சேத்து அனுப்பணும் எண்டா செவன் சிப் (7-Zip) எண்டு ஒரு மென்பொருள் இரிக்கி, சல்லி இல்ல, செவன் செட் (7z) வகையில ஏஈஎஸ் 256 எண்ட பலமான பூட்டால பூட்டும், ஃபைல் பேர்களையும் மறைக்கிற மாதிரித் தெரிவு குடுங்க, ஏனெண்டா ஃபைல் பேரிலயே ஆக்கள்ட பேர வச்சிருப்பீங்க.

பாஸ்வேர்டுத் துண்ட இண்டைக்கே கிழிங்க. எழும்பிப் போகக்குள்ள விண்டோஸ் பட்டனோட L எழுத்த அமத்துங்க, ஸ்கிரீன் பூட்டும். பென் ட்ரைவில அழிச்சது அழிஞ்சதில்ல, பத்து நிமிசத்தில திருப்பி எடுக்கலாம், நான் எடுத்துக் காட்டியிரிக்கன், ஒபிஸில எல்லாரும் பாத்துட்டு வாயில கைய வச்சிட்டாங்க. மறுகா, கொம்பியூட்டர் இன்னும் விண்டோஸ் 10 எண்டா அதுக்கு வழமையான அப்டேட் 2025 ஒக்டோபர் 14ஓட நிண்டுட்டு, அதயும் பாருங்க.

—

வோட்_அக்கா பதில்:

நான் ஆஸ்பத்திரி நேர்ஸ். எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்லல்ல.

பிள்ள, உங்கட கதைய வாசிச்சிட்டு நைட் டியூட்டியில இத எழுதுறன். எங்கட இடத்தில பிஎச்டி எண்டு சொல்ற பெட் ஹெட் டிக்கெட் கட்டில்ல தொங்கும், பாக்க வாறவங்க எடுத்து வாசிப்பாங்க, இங்கிலிசில இருந்தாலும் ஒண்டு ரெண்டு சொல் விளங்கும்தானே. ஒருக்கா ஒரு இளம் பிள்ளைக்கு, கலியாணம் பேசி வச்சிருக்கிற பிள்ள, பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஆள் அவட டிக்கெட்டப் பாத்திட்டு ஊருக்குள்ள போய் என்னவோ சொல்லி, அந்தக் கலியாணம் குழம்பிட்டுது. பிள்ளைக்கு இருந்தது சாதாரண ஒரு வருத்தம். அதுக்குப் பிறகு நான் வேல செய்ற வோட்டில டிக்கெட்ட நேர்ஸ் மேசையிலதான் வைக்கிற, நான் விடமாட்டன்.

இன்னொண்டு, இரகசியம் வாயாலயும் போகுது, அத ஒருத்தரும் டேட்டா எண்டு நினைக்கிறதில்ல. கிளினிக்ல பேரக் கூப்பிடக்குள்ள வருத்தத்தயும் சேத்துச் சொல்லிக் கூப்பிடுறது, பஸ்ஸில ரெண்டு ஸ்டாஃப் இருந்து "அந்த மூணாம் கட்டில்" எண்டு கதைக்கிறது. மட்டக்களப்பு எவ்வளவு பெரிசு? கல்லடிப் பாலத்த தாண்டுறதுக்குள்ள அந்த மூணாம் கட்டில் ஆரெண்டு பஸ்ஸில இருக்கிற பாதிப் பேருக்குத் தெரிஞ்சிரும். உங்கட ஃபீல்ட் ஆக்களும் அந்த அக்காமார்ர வீட்ட போனா, முத்தத்தில நிண்டு சத்தமாக் கேள்வி கேக்காம உள்ள இருந்து கேக்கச் சொல்லுங்க, பக்கத்து வீட்டு வேலி எவ்வளவு கிட்ட எண்டு பாக்கச் சொல்லுங்க.

"கணவர் அடிக்கிறார்" எண்டத விண்ணப்பத்தில எழுதவே தேவயா? தையல் மெசின் குடுக்கிறதுக்கு அது எதுக்கு? நாங்க வேணாத விபரத்தக் கேக்காம இருந்தா அது கச்சான் சரைக்கும் போகாது.

அந்த அக்காட்டச் சொல்லுங்க. கட்டாயம் சொல்லுங்க. வேற ஆரும் சொல்லித் தெரிய வந்தா அவ இனி ஒரு ஒபிஸ் படியும் ஏற மாட்டா. ஆனா போன்ல சொல்லாதீங்க, போன அவட புருசன் எடுத்தா?

—

வாவிக்கரைப்பிள்ள:

அக்கா, கடைசியா நீங்க சொன்னது எனக்கு யோசனையே வரல்ல. நான் நாளைக்குக் கோல் எடுக்க இருந்தன்.

நானா, நீங்க சொன்ன மாதிரி இண்டைக்கு ரெண்டு பேரயும் குறூப்பிலருந்து எடுத்தன். ஒராள் கோவிச்சிட்டு மெசேஜ் போட்டார், பரவாயில்ல. பேப்பர என்ன செய்ற? ரஃப் பேப்பர் பெட்டிய எடுத்திட்டன், ஆனா அலுமாரியில 2016லருந்து ஃபோம் கிடக்கு. பொடியாக்கிற மெசின் விலை கேட்டன், பெரியவர் யோசிக்கிறார். எரிக்கலாமா?

—

ஓய்வுபெற்ற_கிளாக்கர் பதில்:

மகள், எரிக்கிறதெண்டா ஒண்டு கவனி. கட்டாத் தூக்கிக் கிடங்கில போட்டு நெருப்பு வச்சிட்டுப் போனா, ஓரம் கருகும், நடுவில இருக்கிற பேப்பர் அப்பிடியே இருக்கும். நான் 34 வருசம் அரசாங்க ஒபிஸில இருந்தவன், ஒரு தரம் எரிச்ச கிடங்க அடுத்த நாள் கம்பியால கிளறிப் பாத்தன், கையெழுத்து, சீல் எல்லாம் பளிச்செண்டு இருந்தது, கொஞ்சம் மண்ணிறமா மாறியிருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு தாளாப் பிரிச்சுப் போடணும், சாம்பலக் கிளறணும், கடைசிவரைக்கும் ஒராள் நிக்கணும். காத்தடிக்கிற நாள்ல செய்யாத, பாதி எரிஞ்ச பேப்பர் பறந்து அடுத்த வளவுக்குப் போகும். அதவிட லேசான வழி, சின்னத் துண்டாக் கிழிச்சுப் பெரிய வாளியில தண்ணி ஊத்தி ரெண்டு நாள் ஊற வைக்கிற. மறுகா கையால பிசைஞ்சா மாவு மாதிரி வரும், தென்ன மரத்தடியில கொட்டலாம். மெசின் வேணாம், கரண்ட் வேணாம். ஆனா எந்த ஃபோம், எந்த வருசத்தது, ஆரு பாத்து நிக்க அழிச்சது எண்டு ஒரு கொப்பியில எழுதி ரெண்டு பேர் கையெழுத்து வைங்க. இது உங்கட அமைப்புக்குச் சொல்றது. அரசாங்க ஒபிஸில இருக்கிற ஆரும் இத வாசிச்சிட்டு இப்பிடிச் செய்யப் போயிராதீங்க, அங்க 1973ஆம் ஆண்டு தேசிய சுவடிகள் சட்டம் இருக்கு, சுவடிகள் திணைக்களத்திட அனுமதி இல்லாம அழிக்க ஏலாது.

உன்ட பெரியவர் "நம்மட்ட என்ன இரிக்கி" எண்டு கேட்டாராம். அவருக்கு என்ட வயசிருந்தா நான் கேட்டதா இதச் சொல்லு. 83 ஜூலைக் கலவரத்தில கொழும்பில தமிழ் வீடு எது, கடை எது எண்டு வந்தவங்க எப்பிடித் தெரிஞ்சு வந்தாங்க? கையில வாக்காளர் இடாப்பு இருந்தது. அது களவெடுத்த இரகசியம் இல்ல, வோட்டுப் போடச் சனம் தாங்களே குடுத்த பேரும் விலாசமும். நல்லதுக்கு எண்டு எடுத்த லிஸ்ட்தான். மறுகா இஞ்ச எங்கட ஊரில சுத்திவளைப்பு எண்டா என்ன, முகத்த மூடிட்டுத் தலையாட்டி ஆளக் காட்டிக் குடுக்கிற தலையாட்டி எண்டா என்ன, ஆர்ர வீட்டில எத்தின பேர் எண்ட காட் இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு கண்டு வளந்த ஆக்கள் நாங்க. எங்கட சனம் பேர் எழுத வந்தா இப்பவும் ஒரு நிமிசம் முகத்தப் பாத்திட்டுத்தான் சொல்லும். அந்த ஒரு நிமிசத்த நீங்க படிச்ச பிள்ளையள் குறைவா நினைக்கப்படாது. இண்டைக்குக் காலம் வேற, ஆனா லிஸ்ட் எண்டது அது எழுதின ஆள விடக் கனகாலம் உயிரோட இருக்கும்.

இன்னொரு பக்கமும் சொல்லணும். எல்லாரும் களவு போறதப் பத்தியே கதைக்கிறீங்க. இஞ்ச தண்ணியும் காத்தும் கொண்டு போனதுதான் கூட. 78 நவம்பர் 23 சூறாவளியில கூரை போய், ஃபைல் எல்லாம் வாவிப் பக்கம் பறந்து கிடந்தத நான் வேலைக்குச் சேந்த புதிசில பொறுக்கியிருக்கன். 2004 சுனாமிக்குப் பிறகு உப்புத்தண்ணி குடிச்ச பதிவுப் புத்தகத்த ஒவ்வொரு பக்கமாப் பிரிச்சு நடுவில பழைய பேப்பர் வச்சு நிழல்ல காய விட்டம். வெயில்ல வைக்கப்படாது, பக்கம் ஒட்டிக் கல்லாப் போயிரும். 2011 ஜனவரி வெள்ளத்தில கீழ்த் தட்டில வச்சதெல்லாம் போச்சு. வீடு போன சனத்துக்கு, நான் இன்னார் எண்டு சொல்றதுக்கு இருந்த ஒரே சாட்சி சில நேரம் எங்கட ஒபிஸ் பதிவுதான். அதால அலுமாரியில கீழ்த் தட்ட வெறுமையா விடு, நிலத்திலருந்து ஒரு முழம் உயரத்துக்கு மேலதான் ஃபைல்.

—

சாய்ந்தமருது_நெட்வேர்க்:

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. நான் பெக்கப் (வேற இடத்தில வைக்கிற மேலதிகக் கொப்பி) பத்தி எழுத மறந்துட்டன். 2023ல அரசாங்க ஒபிஸ்கள்ர டேட்டா வைக்கிற லங்கா கவர்மெண்ட் கிளவுட்டுக்கு, ஃபைலப் பூட்டிட்டுக் காசு கேக்கிற ரான்சம்வெயார் எண்ட வைரஸ் அடிச்சு, மே 17லருந்து ஓகஸ்ட் 26 வரைக்கும் இருந்த அரசாங்க ஈமெயில்கள் திருப்பி எடுக்க ஏலாமப் போச்சு, கிட்டத்தட்ட 5,000 மெயில் முகவரி. அந்தக் காலத்துக்கு வேற இடத்தில பெக்கப் இல்ல. நாட்டுட பெரிய இடத்துக்கே அப்பிடி. தங்கச்சி, மூணு கொப்பி வைங்க, ஒண்டு ஒபிஸ் கொம்பியூட்டர்ல, ஒண்டு வெளி ஹார்ட் டிஸ்க்கில, ஒண்டு வேற ஊர்ல. ஹார்ட் டிஸ்க்க கொப்பி எடுத்து முடிஞ்ச உடனே கழட்டிப் பூட்டி வைங்க, கொம்பியூட்டர்லயே கொழுவி விட்டா வைரஸ் வந்தா அதுவும் சேந்து போயிரும். வேற ஊர்ல வைக்கிற கொப்பிய மேடான இடத்தில வைங்க, மறக்காம என்கிரிப்ட் பண்ணி. மாசத்துக்கு ஒருக்கா அதத் திறந்து பாக்கணும், திறக்காத பெக்கப்ப நம்பாதீங்க.

—

சட்டத்தரணி_அம்பாறை பதில்:

சுருக்கமாச் சொல்றன். 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, 2022 மார்ச் 19ல சபாநாயகர் சான்றுப்படுத்தினது, பிரிவுகள் கட்டம் கட்டமா நடைமுறைக்கு வாற மாதிரி எழுதியிருக்கு. கம்பனி, அமைப்பு, அரச நிறுவனம் எண்டு பாகுபாடு இல்லாம விபரம் சேக்கிற ஆக்களுக்கு இது பொருந்தும். நேர்ஸ் அக்கா கேட்ட கேள்விதான் சட்டத்திட முக்கியமான இடம். என்ன தேவைக்கு எடுத்தீங்களோ அதுக்கு மட்டும் பாவிக்கணும், அந்தத் தேவைக்கு மிஞ்சி எடுக்கப்படாது, தேவை முடிஞ்ச பிறகு வச்சிருக்கப்படாது. சுகாதார விபரம், விரலடையாளம், மதம், இனம், சிறுபிள்ளைகள்ர விபரம் எல்லாம் விசேட வகை, அதுக்குக் கூடுதல் கவனம். தண்டம் ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபா வரைக்கும் போகலாம்.

இதவிடப் பழைய சட்டம் ஒண்டு உங்கட வேலையோட நேரா முட்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளான ஆள்ர பேரயோ, ஆரெண்டு தெரியவாற விபரத்தயோ அனுமதியில்லாம வெளியிட்டா அது தண்டனைச் சட்டக்கோவை 365சி பிரிவில குற்றம், 1995 திருத்தத்தில சேத்தது, ரெண்டு வருசம் வரைக்கும் சிறை. முறைப்பாட்டுக் கொப்பிய 23 பேர் குறூப்பில போடுறத இண்டைக்கே நிப்பாட்டுங்க. ஆரும் தகவலறியும் உரிமைச் சட்டம் எண்டு பயனாளிகள் லிஸ்ட் கேட்டு வந்தாலும் தூக்கிக் குடுக்க வேண்டியதில்ல. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம் 5ஆம் பிரிவில தனிப்பட்ட விபரத்துக்கு விலக்கு இருக்கு.

கணக்கு ஏதும் ஹேக் ஆனா கணினிப் பாதுகாப்புப் பிரச்சினயப் பாக்கிற இலங்கை சேர்ட் (Sri Lanka CERT) அமைப்புக்கு 101க்கு எடுக்கலாம்.

—

வாவிக்கரைப்பிள்ள:

ரெண்டு கிழமைக்குப் பிறகு வாறன், எல்லாருக்கும் மனமார நன்றி, என்ன நடந்ததெண்டு சொல்லணும்.

முதல்ல கச்சான் ஐயாட்டப் போனன். விசயத்தச் சொன்னதும் மனுசன் ஒரு கதையும் கதைக்காம வண்டிலுக்குக் கீழ இருந்த பேப்பர்க் கட்ட எடுத்துத் தந்தார். காசு குடுக்க, வேணாம் எண்டார், நான் கட்டாயப்படுத்திக் குடுத்தன். வீட்ட கொண்டு போய் அம்மாவும் நானும் நிலத்தில விரிச்சுப் பாத்தம், எங்கட ஒபிஸ் பேப்பர் 11 இருந்தது, அதில அஞ்சில ஆர்ர விபரமெண்டு சொல்லக்கூடிய மாதிரி இருக்கு. மத்தப் பேப்பர் வேற வேற இடத்தது, ஒரு பள்ளிக்கூடத்திட மாக்ஸ் லிஸ்ட், ஒரு கடன் கொம்பனிட ஃபோம், அதில கைநாட்டு. எங்கட ஒபிஸ் மட்டும் இல்ல இது. அதயெல்லாம் அம்மா வாளியில ஊறப் போட்டா.

பிறகு பெரியவரிட்ட நான் சட்டம் ஒண்டும் கதைக்கல்ல. அந்தச் சரைய மட்டும் மேசையில வச்சன், உப்போட. கனநேரம் பாத்துட்டு இருந்தார். ஓய்வுபெற்ற ஐயா எழுதினதயும் போன்ல வாசிச்சுக் காட்டினன். 83 எண்டு வந்த இடத்தில "காணும் மகள்" எண்டார், அவர் அப்ப வெள்ளவத்தையில கடை ஒண்டில நிண்டவராம், எனக்கு இவ்வளவு நாளும் தெரியா. அண்டைக்குப் பின்னேரமே ஸ்டாஃப் மீட்டிங் வச்சார்.

ஃபோம மாத்தியிருக்கம். குடும்ப நிலமை எண்ட குறிப்புப் பெட்டியத் தூக்கிட்டம், மதம் எண்ட பெட்டியயும் தூக்கிட்டம், அது எதுக்குப் போட்டது எண்டு ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல்ல. முறைப்பாட்டுக் கொப்பி இருக்கிற கேஸ் எல்லாம் தனி அலுமாரி, திறப்பு ரெண்டு பேரிட்ட. லிஸ்ட்ட ரெண்டாப் பிரிச்சிட்டன், ஃபீல்டுக்குப் போற லிஸ்ட்டில பேரும் கிராமமும் எங்கட ஒபிஸ் நம்பரும் மட்டும்தான், ஐசியும் பேங்க் கணக்கும் ஒபிஸ் கொம்பியூட்டர்ல பூட்டி இருக்கு. ஃபீல்ட் பிள்ளையள் முதல்ல முணுமுணுத்தாங்க, ஒவ்வொரு தரமும் கோல் எடுத்து நம்பர் கேக்கிறது கஷ்டம், சிக்னல் இல்லாட்டி என்ன செய்ற எண்டு. அது நியாயம்தான், அதுக்கு இன்னும் ஒரு வழி யோசிக்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அந்த அக்காட வீட்ட முந்தநாள் போனன். வோட் அக்கா சொன்ன மாதிரி கோல் எடுக்கல்ல, தையல் வேல பாக்க வந்தன் எண்டு போய், உள்ள இருந்துதான் கதைச்சன். பேப்பரக் காட்டி, எங்கட பிழைதான் எண்டு சொன்னன். அழுவா, இல்லாட்டி ஏசுவா எண்டு நினைச்சிட்டுப் போனன். அவ பேப்பர வாங்கி, அந்தக் குறிப்பு இருக்கிற வரியில விரல வச்சு, வாசிச்சு முடிச்சிட்டு, "இது இன்னும் எத்தின இடத்தில எழுதி இரிக்கி புள்ள?" எண்டு கேட்டா.

எனக்கு உடனே சொல்லத் தெரியல்ல. பாத்துச் சொல்றன் எண்டு சொல்லிட்டு வந்து, ரெண்டு நாளா இருந்து தேடினன். அலுமாரியில ஒரு இடம், எக்செல்ல ஒரு இடம், பழைய மெயில் ஒண்டில, பிறகு போன வருசம் வேலய விட்டுப் போன பிள்ளட பென் ட்ரைவ் ஒண்டு லாச்சியில கிடந்தது, அதுக்குள்ள ஒண்டு. நாலயும் கொப்பியில எழுதி வச்சிருக்கன். நாளைக்கு வெள்ளாப்பில வவுணதீவுப் பக்கம் போற பஸ்ஸில போய் முதல்ல அவட்டச் சொல்லணும், பிறகு கச்சான் ஐயாட கட்டில கிடைச்ச மத்த அஞ்சு பேர்ர வீடும் இருக்கு.